பொழுதோட வரச் சொன்ன ஊர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி வண்டி நிற்கும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது காலை ஆறேகால். நாங்கள் என்றால் நானும், ஒன்றரை வயது மகள் ஜைனபும், அவளைவிடக் கனமான ஒரு பையும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, மாற்றுத்துணி. கொண்டுவந்து விட்ட கணவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குப் போறியா, ஒரு மாசத்துக்கா?" என்றார். வாந்தி மருந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வண்டி கிளம்பும் முன் ஜன்னல் வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. முதல் வேலை கீரனூரில் கிடைத்திருக்கிறது. பழனிக்கு வடக்கே, தாராபுரம் சாலையில் உள்ள பேரூர் அது. வீட்டிலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வாரக்கடைசியில் மட்டும் வருவது ஒரு வழி. அங்கேயே ஒரு வீடு பிடித்து, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடுவது இன்னொரு வழி. முதல் வழியை வீட்டில் எல்லோரும் அன்பாகவே சொன்னார்கள். இரண்டாவது வழியை நான் மட்டும் நினைத்தேன், அதுவும் அரைமனதாக. கணவர், "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொல்றதுதான்" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

கீரனூரில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்கு இருப்பதாகவும், வீட்டுக்காரர் சரஸ்வதி அக்கா பிள்ளையையும் பார்த்துக்கொள்வார் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்லி எண் கொடுத்திருந்தார். பேசினேன். "சனிக்கெழம பொழுதோட வந்துருங்க அம்மணி" என்றார் அந்த அக்கா. பொழுதோட என்று ஒருவர் சொன்ன பிறகு பத்து மணிக்குக் கிளம்பினால் நன்றாக இருக்காது. அதனால்தான் ஆறேகால்.

பழனிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். மேற்கே இந்தச் சாலையில் நான் அதிகம் போனதில்லை. பிறந்த வீடு வத்தலக்குண்டு. என் பயணமெல்லாம் செம்பட்டி, வத்தலக்குண்டு, அதைத் தாண்டினால் மதுரை என்று தெற்கு நோக்கியே இருந்திருக்கிறது. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் இடது பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வரத் தொடங்கியது. வலது பக்கம் ஒன்றும் தடுக்காத வெளி. சிவந்த மண், முருங்கைத் தோட்டங்கள், நடுநடுவே மழைக்காகக் காத்துக் கிடக்கும் உழுத நிலம்.

பாடம் நடத்தப் போகிறவள் என்பதால் வழியெல்லாம் வகுப்பாகவே நினைத்துக்கொண்டு போனேன். வத்தலக்குண்டுப் பக்கத்து மழை தெற்கே வைகைக்குப் போகிறது. திண்டுக்கல் மழையோ குடகனாற்றில் விழுந்து வடக்கே அமராவதிக்குப் போகிறது. பழனியிலிருந்து சண்முகநதியும் அதே அமராவதிக்குத்தான் போகிறது. தண்ணீரை வைத்துப் பார்த்தால் நாங்களும் பழனிக்காரர்களும் ஒரே பக்கம். பேச்சை வைத்துப் பார்த்தால் திண்டுக்கல் மதுரையோடு நிற்கிறது. நாயக்கர் ஆட்சி, மைசூர்ப் படை, கும்பெனி என்று எங்கள் கோட்டை பல கைகள் மாறியது. பழனிக்கு வடக்கே உள்ள சமவெளியைப் பழைய கணக்கு கொங்கு நாட்டின் தென்விளிம்பு என்று சொல்லும். பிற்பாடு மாவட்டம் பிரித்தவர்கள் இரண்டையும் மதுரைக்குள் வைத்தார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல்லைப் பிரித்தபோது இரண்டும் சேர்ந்தே வந்தன. வரைபடத்தில் ஒரே நிறம். இதை எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஜைனப் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். மருந்து இருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தைக்கு வந்து திரும்பும் பெண் ஒருவர் ஏறி எங்கள் அருகில் உட்கார்ந்தார். அதுவரை வண்டிக்குள் "தள்ளி உக்காருப்பா", "எங்கிட்டு எறங்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல்களுக்கு நடுவே அவர் நடத்துனரிடம், "ஏனுங்க, சில்லற இல்லீங்க" என்றார். அதன் பிறகு வண்டியில் அந்த ‘ங்க’ கூடிக்கொண்டே போனது. எல்லைக்கல் எதுவும் கிடையாது. ஆட்கள் இறங்கி ஆட்கள் ஏறியதுதான்.

பழனியில் நகரப் பேருந்து மாறினோம், பெண்களுக்குக் கட்டணமில்லை. கீரனூரில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். முதலில் தெரிந்தது காற்று. மேற்கே கணவாய் வழியாக நுழைந்து வரும் ஆனி மாதக் காற்று. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன, தொலைவில் காற்றாலைகள் சுற்றின. பள்ளிவாசல் தெரு, கோவில் தெரு, நடுவே சந்தைத் திடல். பள்ளிவாசலைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

வீட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். மணி அடிக்கும் சத்தம் அந்தப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே கேட்டது. அரைமணி நேரம் வாசலில் நின்றேன். வரச் சொன்ன நேரத்தில் வீட்டில் இல்லாதவர். போனைக் கையில் எடுத்துப் போகாதவர். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி வந்த பிறகு வேறு யோசனை தேவைப்படவில்லை. மாமியார் வீட்டில் பிள்ளை நன்றாகத்தான் இருப்பாள் என்று முடிவு செய்துகொண்டு நிறுத்தத்துக்குத் திரும்பினேன். வருத்தத்தோடு சேர்ந்து, தப்பித்த மாதிரியும் இருந்தது.

நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. அதை நடத்தும் பெண்மணி பிள்ளைக்கு வெந்நீர் கேட்டதும் கொடுத்துவிட்டு, எங்கே வந்தீர்கள் என்று விசாரித்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. சரஸ்வதி அக்கா பொழுதோட வரச் சொன்னார், இம்புட்டு தூரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வீட்டில் ஆளில்லை என்று சொன்னேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொழுதோடத்தான வரச் சொன்னாங்க? அதுக்கு இன்னும் நேரங்கெடக்குதுங்களே."

"பொழுதோடன்னா வெள்ளனத்தானே?"

"இல்லீங்க, பொழுது சாயறப்பங்க. சாயங்காலம்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, உங்கூர்ல பொழுது காத்தாலயே சாஞ்சுருதுங்களா?"

எங்கள் பக்கம் ‘பொழுதோட வந்துரு’ என்றால் வெள்ளன, காலையிலேயே நேரத்தோடு வந்துவிடு என்று அர்த்தம். எண்பது கிலோமீட்டரில் அதே சொல் காலையிலிருந்து மாலைக்கு நகர்ந்துவிட்டது. சரஸ்வதி அக்கா தோட்டத்துக்குப் போயிருப்பார், பகலில் அவர் போன் வீட்டில்தான் கிடக்கும் என்று டீக்கடை அம்மா சொன்னார். பிள்ளை இருந்தால் தோட்டத்துக்குப் போவாரா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அதைய அவங்களத்தான் கேக்கோணும்" என்றார்.

பழனி வண்டி வந்து நின்றது. ஏறியிருக்கலாம். ஏறாததற்குத் துணிவு காரணமல்ல. ஒரு சொல் தெரியாமல் ஒருவரைப் பற்றி முழுசாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சம்தான். வண்டி போனது. போன பிறகு, இதற்காகப் பிள்ளையை நாள் முழுக்க வெயிலில் வைப்பதா என்று வேறு தோன்றியது.

பகலில் கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஜைனப் தூங்கினாள். எழுந்த பிறகு ஊரைச் சுற்றினோம். நான் சேர வேண்டிய பள்ளியைப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஊர் முடியும் இடத்தில் மக்காச்சோளக் காடு தொடங்குகிறது. இவர்கள் காடு என்று சொல்வது மழையை நம்பிய நிலத்தை. மரமடர்ந்த காட்டை அல்ல. கிணறு உள்ளது தோட்டம். ஒரே நாளில் மூன்று சொற்கள் கற்றுக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு சரஸ்வதி அக்கா மொபெட்டில் வந்தார். ஐம்பது வயதுக்குக் குறைவு. புடவைக்கு மேலே ஆண்கள் சட்டை. நடந்ததைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "காத்தாலன்னா காத்தாலன்னு சொல்லியிருப்பனே அம்மணி. பச்சப்புள்ளைய வெச்சுட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கை கால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் பிள்ளை பக்கத்தில் வந்தார். பின்கட்டு சுத்தமாக இருந்தது. கிணற்றுக்கு மூடி இருந்தது. நான் அசைத்துப் பார்த்தேன். தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பள்ளி நாளில் தோட்டத்தைத் தம் கணவர் பார்த்துக்கொள்வார், தாம் போவதில்லை, போனும் இடுப்பிலேயே இருக்கும் என்றார். எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருப்பதும் எனக்கு நிம்மதி தரவில்லை.

அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க அந்த முக்கு வரைக்கும் போயி ஒரு கால்மணி நேரம் நின்னுட்டு வாங்க" என்றார். "நீங்க இல்லாதப்ப புள்ள எப்படியிருக்குதுன்னு நானும் பாக்கோணுமல்ல."

நான் நடந்தேன். பத்தடி போவதற்குள் அழுகை கேட்டது. முக்கில் நின்றேன். காற்று என் பக்கம் திரும்பும்போது கேட்டது, மாறும்போது கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அதிகம் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்து முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். ஜைனப் விசும்பிக்கொண்டிருந்தாள். மூக்கு அவர் தோளிலெல்லாம் ஒழுகியிருந்தது.

"அழுதுச்சுங்க" என்றார் அக்கா. "நிக்கவே இல்ல. வாழப்பழங் குடுத்தேன், துப்பிருச்சு. மாட்டக் காட்டுனேன், செத்த நேரம்... அதானுங்க, கொஞ்ச நேரம் பாத்துச்சு. மறுக்காவும் அழுதுச்சு. ஒரு வாரம் அழுவும்னு நெனைக்கறனுங்க. இல்லீன்னு சொல்லமாட்டேன்."

ஆசிரியர் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு மாலையும் வீட்டில் என்னிடம், "பிள்ளை அழவே இல்ல" என்பார்கள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஜைனபின் கன்னத்தில் காய்ந்த கோடு இருக்கும். அவளுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமலே நான் அதைத் துடைப்பேன்.

ஏழு மணி வண்டியில் பழனிக்குக் கிளம்பினோம். சமவெளி இருட்டத் தொடங்கியிருந்தது. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கணவர் அழைத்தார்.

"என்னாச்சு? பிள்ளை அந்தம்மாகிட்ட இருந்துச்சா?"

"இல்ல. அழுதுச்சு."

"சரி விடு. எங்கம்மா பாத்துக்கிடும்" என்றார்.

"அதுக்கில்ல" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த வண்டி சொல்லிருங்க. தொட்டிலையும் கழட்டி வச்சிருங்க."