ஏற்காட்டு வளைவில் பிடித்த சட்டை

கல்யாணமான புதிதில், 2007-இல், என் கணவர் என்னை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் பிடிப்பவர் அவர். இருவருமே அதுவரை மலையைப் பார்த்ததில்லை. சேலத்தில் பஸ் மாறியதும், பக்கத்து சீட் அம்மா வாந்தி மாத்திரையை நீட்டினார்.

“பொறந்ததுலேர்ந்து கட்டுமரத்துல ஆடுறவன்மா நான். எனக்கு எதுக்கு மாத்திர?” என்று சிரித்தார் இவர்.

நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளிலேயே முகம் வெளுத்துவிட்டது. கடலில் தலை சுற்றினால் தூரத்துக் கரையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதே நினைப்பில் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்தார், இன்னும் மோசமானது. டிரைவர் இரக்கப்பட்டு ஓரங்கட்டினார்.

இறங்கி ஓடியவர் பின்னால் நானும் ஓடினேன். புல்தரை முடிகிற இடத்தில் மூடுபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வாந்தி எடுத்து நிமிர்ந்தவர், கண் கலங்கிய நிலையில், முட்டளவுத் தண்ணீரில் இறங்குகிறவர் போல அதற்குள் காலை எடுத்து வைத்தார்.

“மாமா, அங்க தரையே இல்ல!”

சட்டையைப் பிடித்து நான் இழுத்த வேகத்தில் இருவரும் புல்லில் விழுந்தோம். பஸ்ஸே எங்களைப் பார்த்தது. அதுவரை நாலு பேர் முன்னால் அவர் விரலைக்கூட நான் தொட்டதில்லை.

அன்று ஏரியைப் பார்த்த நினைவில்லை. கையில் கசங்கிய சட்டைதான் நினைவிருக்கிறது.

இப்போதெல்லாம் மலைக்குக் கிளம்பினால் மாத்திரையை நானே கொடுத்துவிடுகிறேன். சட்டையைத்தான் சமதரையிலும் விடுவதில்லை.

“உடு, எல்லாரும் பாக்குறாங்க” என்பார். ஆனால், என் கை நழுவாதபடி நடையை மெதுவாக்கிக்கொள்வார்.