சத்திரத்த யார் கட்டுனதுன்னு கேக்கப் போனேன்

பழைய கட்டடத்த பத்தி ஊர்க்காரங்க பேசறத ரெக்கார்டு பண்ற வேலைல பாதி நேரம் டீ குடிக்கறது, மீதி நேரம் ‘நீ யார் வூட்டுப் பொண்ணு’க்கு பதில் சொல்றது. பெரியவங்க முன்னாடி செல்போன நீட்டி மாட்டிக்கினவங்க யாராச்சும் இத படிச்சா, கைய குடுங்க! நான் உத்திரமேரூர்ல ஜெராக்ஸ் கடைல வேல பாக்கறேன். கஸ்டமர் இல்லாத கேப்ல டைப் பண்றேன், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதான். பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு பழைய சத்திரம் கீது. சுண்ணாம்புச் செவுரு, மரத்தூணு, நடுவுல முற்றம், செம்ம அழகு! அத இடிச்சிட்டு கடைங்க கட்டலாம்னு பேரூராட்சில பேச்சு. “அதுக்கு இன்னா வரலாறு கீது, ஒரு பேப்பர் கூட இல்லியே”ன்னாங்க. பேப்பர் இல்லன்னா இன்னா, வாய் கீதே! ஊர் வாயிலருந்து வாங்கி கூட்டத்துல போட்டுக் காட்டறேன்னு கெளம்பிட்டேன்.

பானை மாமா

மொத ஆளு சண்முகம் மாமா, ரிட்டயர்டு போஸ்ட்மேன். “சத்திரத்த பத்தி சொல்லுங்க மாமா”ன்னேன். தொண்டைய செருமிக்கினு ஆரம்பிச்சாரு. குடவோலை, பானை, அதுல கைய வுட்டு ஓலை எடுக்கறது, தப்பு பண்ணவன் எலெக்‌ஷன்ல நிக்க முடியாதது... கோயில் கல்வெட்ட பாக்க வர்றவங்களுக்கு சொல்லிச் சொல்லி நம்மூர்ல எல்லார் வாய்லயும் அது அப்டியே ஒட்டிக்கினு கீது. “அது இல்ல மாமா, சத்திரம்”னேன். திரும்ப பானைலருந்தே வந்தாரு. மறுபடி நிறுத்துனேன், கோவம் வந்துடுச்சு.

“இன்னா பாப்பா நீ, வெளியூர்க்காரன்லாம் இத கேட்டுட்டு கைதட்டிட்டு போறான், உள்ளூர்க்காரி உனக்கு இன்னா கேடு?”

ஒரே தூணு, ரெண்டு தாத்தா

கோதண்டம் மாமாவுக்கு அங்க வரப்போற கடைல ஒண்ண புடிச்சி செல்போன் விக்கணும்னு ஆசை. “இடிச்சிடலாம்மா, உள்ள பாம்பு கீது”ன்னுதான் ஆரம்பிச்சாரு. கேமரா லைட்டு எரிஞ்சதும் பாம்பு எங்க போச்சோ! நெஞ்ச நிமித்தி, “வாசல்ல கீதே பெரிய தூணு, எங்க தாத்தா பர்மா தேக்கு கொண்டாந்து நட்டது”ன்னாரு. எனக்கு புல்லரிச்சிப் போச்சு!

அடுத்த தெரு தேவராஜ் மாமா. அவருக்கும் அந்தக் கடைங்க மேல ஒரு கண்ணு. அவர் சொன்னதும் அதே தூணுதான், ஆனா அவரோட தாத்தா, சொந்தத் தோப்பு பலா மரம். “கோதண்டம் மாமா வேற மாதிரி சொல்றாரே?”ன்னு வாய வுட்டுட்டேன். வெத்தலைய துப்பிட்டு நிதானமா சொன்னாரு.

“அவுங்க தாத்தா அந்தத் தூண்ல சாஞ்சிக்கினு தூங்குனவரு, நட்டவரு இல்ல.”

எஸ்தர் பெரிம்மா

பக்கத்தூரு காவாந்தண்டலத்துல நடவு வேலைக்கு போற எஸ்தர் பெரிம்மாவோட மாமனாரு சத்திரத்துக்கு சுண்ணாம்பு அரைச்சவராம். கேள்விப்பட்டதும் ஓடினேன். கடுக்காய ஊறவச்சது, வெல்லம் கலந்தது எல்லாம் சொன்னாங்க. நான் ஆர்வக்கோளாறுல, “முற்றத்துல மழை பேஞ்சா உள்ள எப்டி இருக்கும் பெரிம்மா?”ன்னு கேட்டுட்டேன். “எனக்கு எப்டி தெரியும்? கட்டி முடிச்ச அன்னியோட எங்காளுங்கள உள்ள வுடல. நீதான் போறவளாச்சே, போட்டோ எடுத்தாந்து காட்டு”ன்னாங்க.

போன்ல இருந்த போட்டோவ காட்டுனேன். முற்றத்த பாக்கல, தூண பாக்கல. செவுர மட்டும் வெரலால பெருசாக்கி ரொம்ப நேரம் பாத்தாங்க.

“ம்... கெழவன் நல்லாதான் அரைச்சிக்கீறாரு.”

கல்யாண வீடியோ

எடிட்டிங் சதீஷ் அண்ணன். கல்யாண வீடியோ எடுக்கறவரு, ஓசில பண்ணித் தர்றாரு, அதனால நான் குரல ஒசத்த முடியாது. பாத்தா, எஸ்தர் பெரிம்மா பேசும்போது மேலருந்து ரோஜாப்பூ கொட்டுது! பின்னாடி நாதஸ்வரம்! கெஞ்சி எடுக்க வச்சேன். அப்பறம்தான் மெயின் மேட்டர். “தாத்தாங்க சண்டைய வெட்டிடுங்கண்ணா. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கூட்டத்துல பொய்யின்னுடுவாங்க, சத்திரம் போயிடும்”னேன். மௌஸ தொடவே மாட்டேன்னுட்டாரு.

“பூவ எடுக்கறேன், ஆனா எந்த மூஞ்சியயும் வெட்ட மாட்டேன். ஒரு கல்யாணத்துல பெரியப்பாவ வெட்டிட்டு நான் பட்டது போதும்.”

கூட்டம்

வீடியோவ செவுத்துல போட்டாங்க. கோதண்டம் மாமா தூணு வந்துச்சு, தேவராஜ் மாமா எழுந்துட்டாரு. தேவராஜ் மாமா தூணு வந்துச்சு, கோதண்டம் மாமா சேர தள்ளிட்டு எழுந்துட்டாரு. பின்னாடிலருந்து ஒருத்தர், கெணறு எங்க வூட்டு உபயம்னாரு. இன்னொருத்தர் சமையக்கட்டு எங்களுதுன்னாரு. “செவுரு எங்களுது”ன்னு வாசப்படிலருந்து ஒரு கொரலு, எஸ்தர் பெரிம்மா!

முடிஞ்சது கதைன்னு தலைல கைய வச்சிக்கினேன். அப்பதான் கோதண்டம் மாமா, செல்போன் கடைக்கு அவ்ளோ ஆசப்பட்ட அதே கோதண்டம் மாமா, “எங்க தாத்தா தூண எங்கள கேக்காம எவன் தொடுவான்?”னு கத்துனாரு. “எங்க தாத்தா தூண!”னு தேவராஜ் மாமா இன்னும் சத்தமா. பேரூராட்சி தலைவரம்மா மைக்க தட்டித் தட்டி பாத்து, கடைசில கையெடுத்து கும்புட்டாங்க.

“மொதல்ல யார் கட்டுனதுன்னு பேசி முடிச்சிக்கினு வாங்கப்பா, அப்பறம் இடிக்கலாம்.”

சத்திரத்தோட உண்மையான வரலாற கண்டுபுடிக்க கெளம்புன நான், இப்ப அத யாரும் கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு தெனமும் சாமிய கும்பிட்டுக்கினு கீறேன்.