மாரத்தான் ஓடப்போய் பஸ் ஏறிய கதை

இந்த ஊருக்கு வந்த புதிதில், கடற்கரை ரோட்டில் ஒரு பெண்மணி முகமெல்லாம் சிவந்து, மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துப் பதறிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். "என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவள் காதிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டு, "இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சிரித்து மறுபடி ஓடினாள். எங்கேதான் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச தூரம் போய்விட்டு, வந்த வழியே திரும்பி ஓடி வந்தாள். அடிப்பாவி, போக ஒரு இடமே இல்லாமலா இந்த ஓட்டம்! எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பொம்பளை ரோட்டில் ஓடினால், பஸ் போய்விட்டது, இல்லை யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மூன்றாவது காரணம் ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்படிப்பட்ட நான் நாற்பத்து நான்கு வயதில், இங்கிலாந்தின் தெற்குக் கரையில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன். காரணம் ஹெலன். நான் காய் வெட்டிப் பாத்திரம் கழுவும் முதியோர் இல்லத்தில் அவள்தான் சமையல்காரி. ஓடி முடித்தவர்கள் பேரெல்லாம் இணையத்தில் லிஸ்டாக வரும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். பத்தாவது ரிசல்ட் ஒட்டிய அன்று பள்ளிக்கூடச் சுவரில் மேலிருந்து கீழாக மூன்று முறை தேடியும் என் நம்பர் இல்லை. கணக்கு காலை வாரிவிட்டது. அடுத்த மாதமே ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஷூவுக்கு மேல்பாகம் தைத்தேன். பிறகு வேலூரில் நர்ஸுக்குப் படித்த சாமுவேலைக் கட்டிக்கொண்டு, அவருக்குக் கிடைத்த வேலையின் பின்னால் இங்கே வந்தேன். பாஸான லிஸ்ட் எதிலும் என் பேர் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை வரட்டுமே என்று ஆசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வெறி.

அதே கம்பெனியில் இன்னும் பேக்கிங் பார்க்கும் என் தங்கை சுகந்திக்குப் போனில் சொன்னேன். "இன்னாக்கா, அந்த ஊர்ல பஸ்ஸே இல்லியா?" என்றாள்.

"பஸ்ஸெல்லாம் இருக்குடி. இது சும்மா ஓடறது."

"சும்மா ஓடறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? வீட்டச் சுத்தி ஓடு, போதும்."

என்னைப் போல யாருக்காவது ஆசை வந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடலோரம், ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று நம்பாதீர்கள். போகும்போது முகத்தில் அறையும் காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடும் என்றார்கள். சுத்தப் பொய். திரும்பும்போதும் முகத்திலேயே அறைந்தது. கையில் கொடுத்த வாழைப்பழத்தை உரித்த கையோடு கடற்காகம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. முந்தின ராத்திரி அரிசியோ ரொட்டியோ நிறையச் சாப்பிடு என்று ஹெலன் சொன்னதை நம்பி நான் பிரியாணி செய்து சாப்பிட்டேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் அது என்னோடு பேச ஆரம்பித்தது. எல்லாவற்றையும்விடப் பேஜார், நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் சீட்டில் பேரையும் போட்டிருந்ததுதான். ரோட்டோரத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் "கமான், எஸ்தர்!" என்று கத்தினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டவரைக் கண்டுகொள்ளாமல் போனால் ஆம்பூரில் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஆகவே ஒவ்வொருவரிடமும் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். கடைசியில் ஒரு பெரியவர், "நான் நன்றாக இருக்கிறேன் அம்மா, நீ ஓடு" என்று கெஞ்சினார். அப்போதுதான் புரிந்தது. அதற்குள் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

ஆறு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் ஒரு பஸ் வரும். ஏறினால் ஆட்டம் முடிந்தது. முப்பத்தாறாவது கிலோமீட்டரில் அந்த பஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகி, கதவைத் திறந்தது. ஊரில் நான் ஏறும் மாதனூர் ஸ்டாப்பில் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸும் இப்படித்தான். டிரைவர் முழுசாக நிறுத்தமாட்டார், கொஞ்சம் மெதுவாக்குவார். உள்ளே இருப்பவர்கள் "ஏறுடி, ஏறுடி!" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். விட்டால் அரை நாள் போச்சு, சூப்பர்வைசரிடம் திட்டும் சேர்ந்து கிடைக்கும். ஒன்பது வருஷம், வாரத்தில் ஆறு நாள் காலையும் இதேதான். சத்தியமாக நான் ஏறவில்லை, என் கால் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த வெள்ளைக்காரத் தாத்தாவிடம் தமிழில், "அப்பாடா, இன்னிக்கி லேட்டு" என்று வேறு சொன்னேன்.

ஆரஞ்சு சட்டை போட்ட ஒருவர் வந்து, "நல்ல முயற்சி" என்று தோளில் தட்டி, என் நம்பர் மேல் கறுப்பாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. "சார், நான் ஏறலை! என் கால் ஏறிடுச்சு!" என்று இங்கிலீஷில் கதறினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "பாவம், கால் ரொம்ப வலிக்கிறதா?" என்று முட்டியில் ஐஸ் பையை வைத்தார். ஏறினது ஏறினதுதான், விதியை மாற்ற முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஐஸ் பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினேன். பஸ் இரண்டு விளக்குக் கம்பம் தாண்டியிருந்தது. ஏறின இடத்துக்கே திரும்பி நடந்து, அங்கிருந்து ஓட ஆரம்பித்தேன். ஐஸ்கிரீம் தின்பவர்கள், நாய் மேய்ப்பவர்கள் நடுவில், அழுதுகொண்டே ஆறு கிலோமீட்டர்.

நான் போய்ச் சேர்ந்தபோது, முடிவுக்கோட்டின் காற்றடைத்த வளைவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். குனிந்துதான் நுழைந்தேன். அங்கே சாமுவேல் மட்டும் நின்றிருந்தார். "இன்னா எஸ்தர், இவ்ளோ நேரம்? பார்க்கிங் டைம் முடியப்போவுது" என்றவர், என் நம்பர் மேல் இருந்த கோட்டைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் கையிலிருந்த போனில் வீடியோவில் சுகந்தி. ஆள் அரவமே இல்லாத முடிவுக்கோட்டையும் நடுவில் என்னையும் பார்த்துவிட்டு, தெருவையே கூப்பிட்டுக் கத்தினாள்: "அக்கா மட்டும்தான் வந்திருக்கா! மத்தவங்க யாரும் இன்னும் வரலை!" மறுக்க எனக்கு மூச்சு இல்லை.

மறுநாள் லிஸ்ட் வந்தது. என் பேருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று போட்டிருந்தது. அன்றைக்கே பேக்கிங் செக்‌ஷன் முழுக்க சுகந்தி லட்டு கொடுத்தாளாம். அடுத்த ஞாயிறு ஊர் சர்ச்சில் பாஸ்டர் ஐயர் என் பேரைச் சொல்லி ஸ்தோத்திர ஜெபமும் செய்தாராம். மனசு கேட்காமல் போன் போட்டேன். "சுகந்தி, நான் முதல்ல வரலடி. கடைசியா வந்தேன்."

"சும்மா இரு அக்கா. ஜெபம் பண்ணியாச்சு" என்றாள்.

அதனால் அங்கே நான் வெள்ளைக்காரிகளையெல்லாம் ஜெயித்தவள். இங்கே பாதியில் பஸ் ஏறியவள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் தன் காலால் ஓடி முடித்த எஸ்தருக்குத்தான் இரண்டு ஊரிலும் இடம் இல்லை.