பல்லுக்கு ஒதுக்கிய பணம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சன்னிவேலில் பல் டாக்டர் தொகையைச் சொன்னதும் எனக்குப் பல்வலி நின்றுவிட்டது. இரண்டு பல்லுக்கு ரூட் கெனால், மேலே தொப்பி. மிச்ச ஆயுளை ரசம் சாதத்திலேயே ஓட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆபீஸில் கூடச் சாப்பிடும் நண்பர்தான் வழி சொன்னார். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை எஃப்.எஸ்.ஏ. என்ற கணக்கில் ஒதுக்கலாம். டாக்டர், பல், கண்ணாடி, மருந்து எல்லாவற்றுக்கும் அதற்கென்று தரும் கார்டில் செலவழிக்கலாம், வரி மிச்சம். 'மிச்சம்' என்று காதில் விழுந்தபின் எனக்கு வேறெதுவும் கேட்காது. அனுமதித்த உச்சத் தொகையையே போட்டுவிட்டேன். நம் பி.எஃப். மாதிரி அது பாட்டுக்குச் சேரும் என்று நினைப்பு.

ஜூலையில் ஊருக்குப் போனோம். கோயம்புத்தூர் டாக்டர் கேட்ட தொகைக்கு சன்னிவேலில் வாயைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். விடுவேனா? இரண்டு பல்லையும் அங்கேயே கட்டிக்கொண்டேன். கிளம்பும்போது என் சாமர்த்தியம் சும்மா இருக்கவில்லை.

"பில்லெல்லாம் வேண்டாங்க டாக்டர், கொஞ்சம் கொறச்சுக்குங்க."

குறைத்துக்கொண்டார். திரும்பி வந்து கம்பெனி பஸ்ஸில் ஒருவர் விடாமல் பல்லைக் காட்டினேன். நவம்பரில் அடுத்த வருஷத்துக்குப் படிவம் வந்தபோது, அதே உச்சத் தொகையை மறுபடி போட்டேன்.

டிசம்பர் கடைசி வாரம் ஒரு மெயில் வந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காத பணம் போய்விடுமாம். நண்பருக்கு போன் போட்டேன்.

"போயிடும்னா எங்க போயிடும்?"

"கம்பெனிக்குத்தான் பாஸ். சில எடத்துல கொஞ்சம் அடுத்த வருஷத்துக்குத் தள்ள விடுவாங்க. நம்மகிட்ட அது கெடையாது. ஆனா உங்களுக்கு என்ன கவலை? கோயம்புத்தூர் பில்லை சப்மிட் பண்ணுங்க. இந்தியா பில்லும் எடுத்துப்பாங்க."

இரண்டு புதுப் பல்லையும் கடித்துக்கொண்டு பில் வாங்காத விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். கடைசியில், "சரி, சன்ஸ்கிரீன் வாங்குங்க. அதுக்கும் இந்தக் கார்டு செல்லும்," என்றார்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் மருந்துக் கடைக்கு ஓடினேன். பதினான்கு சன்ஸ்கிரீன், ஒரு கிரிக்கெட் அணிக்கே கட்டுப் போடுமளவு பேண்டேஜ், நாலு தெர்மாமீட்டர். எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று பேர். பைகளோடு நனைந்துகொண்டு உள்ளே நுழைந்ததும் மகள் ஜன்னலைக் காட்டினாள்.

"அப்பா, இட்ஸ் ரெய்னிங்."

கணக்கில் பாதிகூடக் கரையவில்லை. மனைவி பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டு வருஷமாகப் பசை போட்டு ஒட்டிய கால் அதற்கு.

"ஏங்க, இது உங்க கண்ணுலயே படலையா? ஊருக்குப் போய் மாத்திக்கலாம்னு சொன்னீங்க. அங்க போயும் தெனமும் உங்க வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தோம்."

பதினைந்து நிமிஷத்தில் கண்ணாடிக் கடையில் இருந்தோம். அவளுடைய பழைய பவர் சீட்டு காலாவதியாகியிருந்தது. புதிதாகப் பரிசோதிக்க வேண்டும், டாக்டர் ஜனவரியில்தான் வருவார் என்றாள் கவுண்டர் பெண். பணத்தை மட்டும் இப்போதே கட்டிவிடட்டுமா என்று குழைந்தேன். பணம் கட்டிய தேதி செல்லாது, கண்ணைப் பார்க்கிற தேதிதான் கணக்கு என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். அன்று காலையில் அதைக் கேட்ட எத்தனையாவது ஆளோ நான்.

காரில் மனைவி ஒட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சரி, போனது போகட்டும். வர்ற வருஷத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

நான் வைப்பரை வேகமாக வைத்தேன்.