புறங்கையால் பார்த்த சூடு

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகக் கிளம்பும் கார் அந்த டிரைவருடையது. ஒரு மாதமாக அணைவது மட்டும் ஒழுங்காக நடந்தது. அந்த வசதியையே பட்டனை அமுக்கி நிறுத்திப் பார்த்தான். அப்போதும் காலையில் வாசலிலேயே கிளம்பாமல் மக்கர் செய்தது. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. பெரிய பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். மனைவிக்கோ ஒன்பதாவது மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பதினோரு சிக்னல். எண்ணிப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

கடைசியில் மேம்பாலத்தடியில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் அக்காவிடம் வந்தான். பதினெட்டு வயதில் மோட்டாருக்குச் சுருள் சுற்றும் வேலைக்குப் போனவர். சூட்டைப் புறங்கையால் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. காய்த்துப்போன உள்ளங்கை பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பார்.

"சாவியத் திருப்புங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

இன்ஜின் முக்கி முனகியது. அக்கா ஒவ்வொரு வயராகப் புறங்கையை வைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை வெடுக்கென்று பின்வாங்கியது. பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயரை வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு முடுக்கிய இடம்.

"பேட்டரி பாவம், அது மேல பழி போட்டுட்டீங்களே! கரண்டு திரும்பிப் போற வழிய யாரோ அடைச்சு வச்சிருக்காங்க."

போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று, கரண்டை விடாத கறுப்புப் பெயின்ட்.

"இங்க பெயின்ட் அடிச்ச மகராசன் யாரு?"

அவன்தான். துரு கண்ணில் படக்கூடாதென்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கழற்றித் தீட்டி மாட்டியவன்.

"வண்டிய முன்னாடி வச்சிருந்தவரா இருக்கும்க்கா" என்றான்.

"அவரப் பாத்தா சொல்லுங்க, அழகு பாக்குற இடம் இது இல்லன்னு."

உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பில் வயரை முடுக்கினார். சாவியைத் தொட்டதுதான் தாமதம், இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கம்ப்யூட்டருக்கே பிடிபடாதது ஒரு புறங்கைக்குத் தெரிந்துவிட்டதே!

நாலாம் நாள் வலி எடுத்தது. பதற்றத்தில், இன்ஜின் தானாக அணையாமலிருக்கப் பட்டனை அமுக்க மறந்துபோனான். வழியில் ஏழு சிவப்பு. ஏழு முறையும் இன்ஜின் அணைந்தது, மனைவி அவன் தோளைப் பிய்த்தாள், அவன் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். ஏழு முறையும் கிளம்பியது.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தையோடு கடை வாசலில் போய் நின்றான்.

"அக்கா, அந்தப் பெயின்ட்ட அடிச்சது நான்தான்."

"தெரியும். அன்னிக்கு உங்க வாட்ச் பட்டையிலயும் அதே கறுப்பு இருந்துச்சே."

அக்கா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் கன்னத்தில் புறங்கையை வைத்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.