பிலோமியின் பெருவிரல்

என் தங்கை பிலோமி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அவள் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். சாமியார் வரும்வரை தாங்காது, நீங்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று நர்ஸ் அம்மா சொன்ன பிள்ளை, நாற்பத்து நான்கு வயதில் ஒரு மூட்டை மட்டிச் சிப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடக்கிறாள். மாதா கோயில் திருவிழாக் கயிறு இழுப்பில், ஐஸ் கம்பெனிப் பெண்களை எங்கள் தெரு ஒருபோதும் இழுத்ததில்லை. பிலோமி கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்த வருடம் இழுத்தது. குடிநீர்க் குழாய் எங்கள் தெருமுனையோடு நின்றுவிடும் என்றார்கள். பள்ளம் தோண்டும் இயந்திரத்துக்கு முன்னால் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து உள்ளே வரவழைத்தாள். கடைசியாக, ஆற்றுக்குள் நிற்கும் கல்தூணின் அடியை ஜெயித்தாள். இன்றைக்கு அங்கே ஒரு பாட்டிலும் விழுவதில்லை. அந்தக் கதையை எல்லோரும் அவரவருக்குத் தோன்றியபடி சொல்கிறார்கள். உடன் இருந்தவள் நான். நடந்தபடி எழுதுகிறேன்.

தாமிரபரணி கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தில் எங்கள் ஊர். பிலோமியின் மாப்பிள்ளை ஃபிராங்க்ளின் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை செய்கிறார். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிலோமி ஆற்றில் மட்டி எடுப்பாள். சதையை விற்பாள், ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போடுவாள். மட்டி எடுக்கிற வேலை கண்ணால் செய்கிறது அல்ல. இடுப்பளவு தண்ணீரில் நின்று பாதத்தால் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஓடு தட்டுப்பட்டதும் குனிந்து கையால் எடுக்க வேண்டும். செருப்புப் போட்டால் ஒன்றும் தெரியாது. ஆகையால் வெறுங்கால்தான்.

ஆற்றில் பழைய படகுத்துறையின் தூண் ஒன்று மிச்சம் நிற்கிறது. நீரோட்டம் அங்கே சுழன்று அடங்குவதால் அதன் அடியில்தான் மட்டி அதிகம். தூணுக்கு நேர் எதிரே கரையில் காசிலிங்கம் அண்ணாச்சியின் ஓலைக்கொட்டகை. கள்ளை அரசாங்கம் நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியும் அதற்குப் பெயர் கள்ளுக்கடைதான். இப்போது அங்கே கள் கிடையாது. டவுனில் பாட்டில் வாங்கி வருகிறவர்களுக்கு பெஞ்சு, டம்ளர், தண்ணீர், பொரித்த மீன், அவித்த முட்டை கிடைக்கும். அந்த இடத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், காற்று நன்றாக வரும். வேறொன்றும் இல்லை.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டிலைக் காலி செய்தவன் கரையில் நின்று அதைத் தூணில் எறிய வேண்டும். பட்டு உடைந்தால் மற்றவர்கள் அவனுக்கு ஒரு தட்டு மீன் வாங்கித் தர வேண்டும். இதற்கு “தூணுக்குக் குடுக்கது” என்று பெயர். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வரும் என்று டவுன் கடையில் சொன்ன பிறகும் இவர்கள் தூணுக்குத்தான் கொடுத்தார்கள். உடைந்த கண்ணாடியெல்லாம் மட்டிப் படுகையில் இறங்கியது.

போன வருடம் தவக்காலத்தில் பிலோமியின் குதிகால் கிழிந்து ஏழு தையல் போட்டார்கள். அது ஆறி, மறுபடி இறங்கியவுடன் அடுத்த காலின் விரல் நடுவே சில்லு ஏறியது. அன்று சாயங்காலம் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, “அக்கா, கெளம்பு” என்றாள்.

“எங்க ஏளா?”

“கள்ளுக்கடைக்கு.”

பொம்பளைகள் போகிற இடமா என்று கேட்டேன். “கண்ணாடி பொம்பள கால்லதான ஏறுது” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நானும் போனேன்.

நாங்கள் நுழைந்ததும் யாரோ ஒருவன் சிரித்தான். எங்களை உட்காரச் சொல்லவில்லை. காலியாக இருந்த பெஞ்சில் ஒருவன் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டான். அவன் சுடலைராஜ், வாழைத்தார் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். எங்கள் தெரு இனிகோ மூலையில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காசிலிங்கம் அண்ணாச்சி மீன் பொரிக்கும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, மீன் கொண்டாந்தியளா? பின்பக்கமா வரணும்.”

“மீன் இல்ல அண்ணாச்சி. இதக் கொண்டாந்தேன்” என்று பிலோமி முந்தானையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். அன்று காலையில் மட்டியோடு வந்த கண்ணாடிச் சில்லுகள். “தூணுக்குக் குடுக்கத நிறுத்தணும். நான் ஒரு சாக்கு கட்டி வைக்கேன். அதுல போடச் சொல்லுங்க.”

“சாக்கா!” என்றான் சுடலைராஜ். “ஏளா, நாங்க குடிக்க வந்தோமா, கோயில்ல காணிக்க போட வந்தோமா?”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ஆறு ஒங்கப்பன் வீட்டு ஆறா? கடல் கெடக்கு அம்புட்டு பெருசா. கடக்கரைக்காரிக்கு ஆத்துல என்ன சோலி?”

“ஒங்க பாட்டிலுக்கு என்ன சோலியோ அதான்.”

“வாயப் பாரு! இனிகோ, ஒங்க தெருப் புள்ளதான? சொல்லி இழுத்துட்டுப் போ.”

இனிகோ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “போ பிலோமி. ஆம்பள இருக்க எடத்துல வந்து பேசிக்கிட்டு” என்றான். அவன் மனைவி விஜிலாவும் அதே தூணடியில் மட்டி எடுக்கிறவள்தான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் சுடலைராஜ் எழுந்துபோய், எங்கள் கண்முன்னாலேயே ஒரு பாட்டிலை எறிந்தான். தூணில் பட்டுச் சிதறியது. “அண்ணாச்சி, ஒரு தட்டு மீனு” என்றான்.

பிலோமி கொட்டகையின் நடுவே நடந்து, படியில் இறங்கி, காலில் சுற்றிய துணியோடு தண்ணீருக்குள் போனாள். தூணில் முதுகைச் சாய்த்துக் கரையைப் பார்த்து நின்றாள். “இப்ப எறியுங்கலே” என்றாள்.

அன்றைக்கு யாரும் எறியவில்லை. வைதார்கள். அவள் அம்மாவை வைதார்கள், அதாவது என் அம்மாவையும். இருட்டும்வரை நின்றுவிட்டு வந்தாள். மறுநாளும் போனாள். வேலையையே அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். தண்ணீர் இறங்குகிற வத்தம் எந்த நேரத்தில் இருந்தாலும் சாயங்காலம் தூணடியில்தான் இருப்பாள். குடிக்க வந்தவர்களுக்கு எறிய இடமில்லாமல் போனது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். சிலர் முக்காணிப் பக்கம் போய்க் குடிக்கத் தொடங்கினார்கள். “ஒனக்கு எங்கடையத்தான் மூடணுமா, நாசமாப் போறவளே” என்று அண்ணாச்சி கரையிலிருந்து கத்துவார். அவள் மட்டியைத் தடவிக்கொண்டிருப்பாள்.

பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போனது. மே மாதம் ஒரு சாயங்காலம் சுடலைராஜ் எறிந்தான். பாட்டில் அவள் தலைக்கு மேலே தூணில் பட்டது. இடது புருவம் பிளந்து, காதுமடல் கிழிந்து, முகமெல்லாம் ரத்தத்தோடு அவளாகவே நடந்து கரையேறினாள். கொட்டகையிலிருந்து ஒருவனும் இறங்கி வரவில்லை.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சண்முகப்ரியா என்ற பெண் போலீஸ் வந்து, பிலோமி சொன்னதைப் புகாராக எழுதி வாசித்துக் காட்டினார். தையல் போட்ட மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை, நாளைக்குக் கைநாட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று போனார். அவர் வருவதற்கு முன்னால் காசிலிங்கம் அண்ணாச்சியும் இனிகோவும் வந்துவிட்டார்கள். ஒரு பையில் சாத்துக்குடியும், இனிகோ சட்டைப்பையில் மைப்பெட்டியும் இருந்தன.

அண்ணாச்சி கொண்டுவந்த தாளை இனிகோ வாசித்தான். கால் தவறித் தூணில் விழுந்து காயம் பட்டது, யார் பேரிலும் புகார் இல்லை, இனிமேல் அந்தத் தூண் பக்கம் மட்டி எடுக்க வரமாட்டேன் என்று எழுதியிருந்தது.

“ஒரே ஊருக்காரங்க. எதுக்கு ஸ்டேசன், கோர்ட்டு?” என்றார் அண்ணாச்சி. “வச்சிரும்மா.”

பிலோமி கண்ணை மூடிக்கொண்டாள். இனிகோ மைப்பெட்டியைத் திறந்து, கட்டிலில் கிடந்த அவள் இடது கையைப் பிடித்தான். கைநாட்டு என்றால் அப்படித்தான். ரேஷன் கடையானாலும் பேங்கானாலும் விரலை அடுத்தவர்தான் பிடித்து மையில் தொட்டு, தாளில் உருட்டுவார். நம் விரல் நம்மிடம் இருக்காது. நான் எழுந்து போவதற்குள் அவள் பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டாள். இனிகோ பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கயிறு இழுத்த கை.

“விடுலே” என்றாள். கண்ணைத் திறந்தாள். “கைநாட்டு வைக்கமாட்டேன். கையெழுத்துன்னா போடுதேன்.”

“ஒனக்குத்தான் எழுதத் தெரியாதே!” என்றான் இனிகோ.

“படிச்சிட்டுப் போடுதேன்.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாப்பது வயசுக்கு மேல அ, ஆ படிக்கப் போறியாக்கும்? சரி, படி. ஒரு வாரம் போதுமா?” என்றார். சம்மதித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சண்முகப்ரியாவிடமும் அதையே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. “அவனுவ பேப்பருக்கு வேண்டாம்ன, சரி. ஒம் புகாருக்கு வச்சா என்ன?”

“பெருவிரல யாரு புடிச்சு அமுக்குனாலும் பதியும், அக்கா. நான் தூங்கும்போது அமுக்குனாலும் பதியும். ஒண்ணுல வச்சேன்னா, நாளைக்கு இனிகோ இன்னொண்ணக் காட்டி இதுவும் அவ விரல்தாம்பான். கையெழுத்து நான் நெனச்சாத்தான விழும்?”

சண்முகப்ரியா புகாரை மடித்து வைத்துக்கொண்டார். காயத்துக்குச் சாட்சியாக ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, சீக்கிரம் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து எழுதிக்காட்டப் போனேன். “நீயும் புடிக்காத” என்று கையை உதறினாள். வாக்காளர் அட்டையை எதிரே வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் தன் பெயரைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். முதலில் நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. மனிதர்களிடம் காட்டாத ஆத்திரத்தையெல்லாம் சிலேட்டில் காட்டினாள். குச்சி முறிந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரம் ஒரு மாதமாகி, அதற்கு மேலும் போனது. அந்த நாட்களில் தூணுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவள் மனம் மாறிவிடக்கூடாது என்று அண்ணாச்சியே தடுத்து வைத்திருந்தார். வழியில் பார்த்தால் நயமாக விசாரிப்பார். “எம்புட்டு வந்திருக்கு?”

“பாதி வந்திருக்கு அண்ணாச்சி.”

“மீதிய நான் வேணா எழுதிக் குடுக்கட்டுமா?” என்பான் பின்னால் நிற்கும் சுடலைராஜ். அவன் வேனில் ஏறியதும் பிலோமி மண்ணில் காறித் துப்புவாள்.

ஜூலையில் ஒருநாள் அண்ணாச்சியிடம் தானே போய், “வந்திருச்சு. ஒங்க கொட்டகையில வச்சே போடுதேன். எல்லாரும் பாக்கட்டும். போலீஸம்மாவும் வரட்டும்” என்றாள். போலீஸ் முன்னால் சமாதானம் ஆனால் இன்னும் நல்லது என்று அவர் சந்தோஷப்பட்டார். அன்று பெஞ்சுகளைக் கழுவிப் போட்டிருந்தார். முதன்முதலாக எங்களை உட்காரச் சொன்னார். சுடலைராஜ் துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். கூட்டம் திருவிழா மாதிரி நின்றது. மேசைமேல் இரண்டு தாள்களும் இருந்தன, அண்ணாச்சியுடையது ஒன்று, சண்முகப்ரியா கொண்டுவந்தது ஒன்று.

“மொதல்ல நம்மத முடிச்சிரும்மா. அத அவங்க பொறவு கிழிச்சிருவாங்க” என்று அண்ணாச்சி தன் தாளை நகர்த்தினார்.

பிலோமி அதை ஓரமாகத் தள்ளினாள். “இதுதான ஒங்க பேப்பர்?” என்று சண்முகப்ரியாவிடம் கேட்டு, புகாரைத் தன் முன்னால் இழுத்தாள். இடது கைப் பெருவிரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் எழுத ஆரம்பித்தாள். நேரம் எடுத்தது. “மாடு உழுத மாதிரி போகுது” என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் இனிகோவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டான்.

“ஏமாத்திட்டாளே!” என்று சுடலைராஜ் மேசையில் அடித்தான். சண்முகப்ரியா தாளை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டு, “நீ எங்கயும் போகாத. ஒங்கிட்ட பேசணும்” என்றார்.

காசிலிங்கம் அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போயிருந்தது. “நன்றி கெட்ட நாயே! இதுக்கா ரெண்டு மாசம் பொறுத்தேன்? கையெழுத்துப் போடுதேன்னு என் முன்னாடி சொன்னயா இல்லயா?”

“சொன்னேன், போட்டுட்டேன்” என்று பிலோமி எழுந்தாள். “எதுலன்னு நீங்க கேக்கலையே, அண்ணாச்சி.”

அவள் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை.