தார் ரோட்டில் காய்ந்த நூலகம்

போன வாரம் ஒரு நாள், நடு ரோட்டில் குந்தியிருந்து புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். படிக்க அல்ல. காயவைக்க.

திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிளை நூலகம். அறுவடை நேரத்தில் அழையாமல் வந்த மழை கூரை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. இறங்கிய மழை சும்மா இருக்குமா? உறுப்பினர் அட்டைகூட இல்லாமல் அடி ரேக்கு முழுவதையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டது.

நூலகர் ஸ்டெல்லா, அங்கே பழைய வாசகனான எனக்குப் போன் போட்டு அழாத குறை. "சார், மத்தியானம் ஆபீசர் வர்றார். நனைஞ்சதையெல்லாம் கழிவுல எழுதி எடைக்குப் போடணுங்கறார். இதுல பாதி இனிமே எங்கயும் கிடைக்காது சார். நம்மகிட்ட இருக்கறதுதான் கடைசி காப்பி."

நனைந்த புத்தகத்தை நிழலில், காற்றாட, தாள் தாளாகப் பிரித்து உலர்த்த வேண்டும் – ஸ்டெல்லாவுக்குத் தெரியும். ஆனால் நூலகத்துக்குள் கணுக்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. காய்ந்து கிடந்த ஒரே இடம் தார் ரோடு. அங்கேயோ... நெல்.

ரோடு என்பது வண்டி போவதற்கு என்று யார் சொன்னது? எங்கள் பக்கத்தில் அது களம். நெல் காயும், பஸ் ஒதுங்கிப் போகும்.

"கொஞ்சம் இடம் விடுங்கண்ணே" என்றார் ஸ்டெல்லா.

நெல்லுக்குச் சொந்தக்காரர் மாரிமுத்து நிமிர்ந்தார். "ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிட்டானுவன்னு நானே நொந்து கெடக்கேன். உங்களுதையும் திருப்பிட்டாங்களா டீச்சர்?"

"மத்தியானம் திருப்பப் போறாங்கண்ணே."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஒரே வியாதிக்காரர்கள் சிநேகமாவது போல, மறுபேச்சில்லாமல் நெல்லை ஒதுக்கினார். நெல்லுக்குப் பக்கத்தில் நாவல், நாவலுக்குப் பக்கத்தில் சித்த மருத்துவம், அதற்கப்பால் ஆழ்கடல் பயணம். காற்று வந்தபோது அத்தனையும் சேர்ந்து படபடத்தன – எழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கொக்குக் கூட்டம் போல.

மாரிமுத்து பழக்க தோஷத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தின் முனையைக் கடித்துப் பார்த்தார். நெல்லை அப்படித்தான் பார்ப்பார்கள். காய்ந்திருந்தால் 'டக்'கென்று உடையும்.

"சவசவன்னு இருக்கு டீச்சர். இன்னும் ரெண்டு வெயில் வேணும்."

"ஐயோ கடிக்காதீங்கண்ணே, கவர்மெண்ட் புக்கு!"

"நெல்லையுந்தான் கவர்மெண்ட் வாங்குது. நான் கடிக்கலையா?"

ரெண்டு வெயிலுக்கு எங்கே போவது? அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

டிரைவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டு, வண்டி ஏறினால் மணி உதிரும் என்று காத்திருக்கும் ஊர்கள் இவை. பரப்பியிருந்தால் மேலே ஏற்றிப் போவதுதான் மரியாதை. அவரும் மரியாதையாக ஏற்றினார். தடதடவென்று... நாவல், சித்த மருத்துவம், ஆழ்கடல்.

ஸ்டெல்லா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் குதித்து இறங்கினார். டயரைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "யோவ், புக்கு மேலயாய்யா ஏத்துன!" குனிந்தார். ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெரியாமல் கால் பட்டாலே ஒற்றச் சொல்லி வளர்த்த உடம்பு. இங்கே ஜீப்பே பட்டிருக்கிறதே! ஒன்றோடு நிறுத்த முடியுமா? அடுத்தது. அதற்கடுத்தது. டிரைவர் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடிக்காமல் நின்றது.

புத்தகத்தைக் கும்பிட நாம் எப்போதும் ரெடி. கூரையை ஒழுகாமல் அடைக்கத்தான் ஆளில்லை.

ஆனாலும், கண்ணில் ஒற்றியதை எடைக்குப் போட யாருக்கு மனசு வரும்?

"ஒண்ணையும் கழிக்க வேணாம்மா. காயவச்சு உள்ள அடுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

ஸ்டெல்லா அதற்குள் புத்தகங்களைத் தடவிப் பார்த்துவிட்டார். நனைந்து காய்கிற புத்தகம் அப்பளம் மாதிரி உப்பும். கனம் வைத்து அழுத்த வேண்டும். டயர் ஏறியவையோ தகடு போலப் படிந்திருந்தன. கிளம்பிய ஜீப்பின் பின்னால் கையாட்டிக்கொண்டே ஓடினார்.

"சார்... சார்! இந்த ஓரத்துல கொஞ்சம் உப்பலா இருக்கு. ஒரே ஒரு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க சார்!"